ஐஸ்கிரீமுக்குப் பிறகு ரசம்

போன வாரம் மறைமலை நகரில் ஒரு கல்யாணப் பந்தி. சாம்பார் சாதத்தில் இருக்கும்போதே இலையோரம் ஐஸ்கிரீமை வைத்துவிட்டுப் போனார்கள். ரச வாளியோ இன்னும் இரண்டு வரிசை தள்ளி. ஐஸ்கிரீம் உருக உருக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து இலைக்காரர், "ஏன் சார் நெளியறீங்க?" என்றார். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

2002 என்று நினைக்கிறேன். மாதத்தைத் தவறாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது மேல். மழைக்காலம் என்பது நிச்சயம். ஒரகடம் சேற்றில் என் கறுப்பு ஷூ பட்ட பாடு அப்படி. கேட்டரிங் படித்துவிட்டு நட்சத்திர ஹோட்டல் கனவோடு சாத்தூரிலிருந்து வந்தவனுக்கு, ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் தற்காலிக வேலைதான் கிடைத்தது. நிரந்தரமாக்குவதும் ஊருக்கு அனுப்புவதும் மேலாளர் கையில். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், நெற்றியில் திருமண் கலையாதவர்.

அன்று அவர் மூன்று ஜப்பானியப் பொறியாளர்களோடு சாப்பிட உட்கார்ந்தார். தட்டு காலியானால் கேட்கும் முன் எடு, மேசையைத் துடை, இனிப்பை வை என்பது கல்லூரிப் பாடம். சாம்பார் சாதம் முடிந்ததும் நான்கு தட்டுகளையும் சத்தமில்லாமல், வலப்பக்கமிருந்து எடுத்தேன். ஐஸ்கிரீம் வைத்தேன். மேலாளரின் எச்சில் கை அந்தரத்தில் நின்றது.

சமையலறையில் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, சாரு ரசத்துக்குக் காத்துகினு கீறாரு, தட்டத் தூக்கிகினு வந்துட்டியே! காலேஜ்ல இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"மெயின் கோர்ஸ் முடிஞ்சிருச்சுல்லண்ணே?"

"ரசம் ஊத்தாம இன்னாடா முடியறது! போ, ஊருக்கு டிக்கெட் எடு."

நால்வருக்கும் புதுத் தட்டு, சாதம், ரசத்தோடு திரும்பினேன். ஐஸ்கிரீமை முடித்திருந்த விருந்தினர் ஒருவர், சாப்பாடு முடியவில்லையா என்று கேட்டார். மேலாளர் என்னைப் பார்த்து, "நீயே சொல்லுப்பா" என்றார்.

திகைப்பைக் காட்டாதே, நிமிர்ந்து நில், சிரி: அதுவும் கல்லூரி சொல்லிக்கொடுத்ததுதான். குளிர்ந்தது முதலில், சூடானது பிறகு, இந்தப் பக்கத்து வழக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூவரும் தலையாட்டி, ரசத்தை ரசித்துச் சாப்பிட்டார்கள்.

கை கழுவும்போது மேலாளர் கேட்டார்: "பொய்யும் ஒரு பாடமாப்பா உங்களுக்கு?" சிரித்தாரா என்று தெரியவில்லை. ஆனால் வேலை நிரந்தரமானது.

சங்கடம் அதன் பிறகுதான். அந்த மூவரும் புதிதாக வந்த ஜப்பானியர்களுக்கெல்லாம் இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். யாராவது ஒருவர் உள்ளூர்க்காரர் வீட்டு விருந்துக்குப் போய் உண்மையைத் தெரிந்துகொண்டு வருவாரோ என்று, அங்கிருந்த வருஷமெல்லாம் மதியவேளையில் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் பரிமாறினேன். "வாங்க ஐயரே, உங்க சம்பிரதாயத்துக்கு ரசம் ரெடி" என்று என்னைக் கேலி செய்வார் மாஸ்டர்.

விடுதி இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மேலாளரும் இல்லை. நான் விலகிய பிறகு, வெளிநாட்டார் ஒருவரும் வராத நாட்களிலும், தனியாக உட்கார்ந்து, ரசத்துக்கு முன் ஐஸ்கிரீமைத்தான் கேட்பாராம்.