கேற்றுக்கு அப்பால் நின்ற அண்ணை

நெடுந்தீவில் தண்டவாளம் இல்லை. நான் முதன்முதலில் ரெயிலைக் கண்டது கலியாணம் முடித்து யாழ்ப்பாணம் வந்த பிறகுதான். கணவர் காங்கேசன்துறை லைனில், ரோட்டு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில், கேற் காவலர். யாழ்தேவி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய காலம் அது. எங்கள் சின்ன ஸ்டேசனில் நிற்காது. பிறகு கரி என்ஜின் போய் டீசல் வந்தது. அவரும் இறந்து போய்விட்டார். கேற்றை என்னிடம் தந்தார்கள். எழுத்து எனக்குப் பெரிதாக ஓடாது. கொடி பிடிக்க எழுத்து எதற்கு?

வேலை இதுதான். ஸ்டேசனில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடி விழுந்தால் கேற்றைச் சாத்த வேண்டும். சாத்தினால் ரெயில் போகும்வரை மந்திரி வந்தாலும் திறக்கக் கூடாது. மற்ற நேரம் நானும் தண்டவாளமும்தான்.

ஒருநாள் சீமெந்து ஏற்றிவரும் கூட்ஸ் ரெயிலுக்காகச் சாத்தியிருந்தேன். மறுபக்கத்தில் ஒரு பஸ், புகையிலை ஏற்றிய வண்டில், சைக்கிள்கள். அவற்றுக்கு நடுவில் என் அண்ணை. தீவிலிருந்து வந்திருந்தார்.

"அம்மாவுக்கு வருத்தம் கொஞ்சம் கடுமை, பிள்ளை. ரெயிலை விட்டிட்டு வெளிக்கிட்டு வா. நான் முன்னுக்குப் போறன், லோஞ்சைப் பிடிக்கவேணும்" என்றார். திரும்பி நடந்தார்.

அண்ணை கிணற்றடிக்குப் போனாலும் "போட்டு வாறன்" என்று, போய் வருவதாகச் சொல்லிப் போகிறவர். அன்று சொல்லவில்லை. இழவு சொல்ல வந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. எனக்கு விளங்கிவிட்டது. தீவுக்குப் போகிற கடைசி மோட்டார்ப் படகு, அந்த லோஞ்சைத் தவறவிட்டால் அம்மாவின் முகம் பார்க்கக் கிடைக்காது.

"மாஸ்டர், என்ரை அம்மா!" என்று ஸ்டேசன் பக்கம் கத்தினேன்.

"கூட்ஸ் வெளிக்கிட்டிட்டுது, பிள்ளை. இப்ப மாத்த ஆளில்லை. அது போகட்டும், பிறகு நீர் போம்" என்றார் ஸ்டேசன் மாஸ்டர்.

வண்டில்காரருக்கு இது ஒன்றும் தெரியாது. "எணை அக்கா, ரெயில் இன்னும் காங்கேசன்துறையில தேத்தண்ணி குடிக்குது. கேற்றைத் திறவணை!"

பஸ்ஸுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் கொடியோடு நின்றேன். அழவில்லை. கொடி பிடிக்கிறவள் அழுதால் என்ஜின் டிரைவர் என்ன நினைப்பார்?

கூட்ஸ் அவசரமில்லாமல் ஆறுதலாக வந்து ஆறுதலாகப் போனது. நான் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேர, கடைசி லோஞ்ச் கடலில் சின்னதாகத் தெரிந்தது.

மறுநாள் போனேன். எல்லாம் முடிந்து வீடு கழுவியிருந்தது.

"நான் சொல்லேல்லையே. எப்பிடி அறிஞ்சனி?" என்றார் அண்ணை.

"நீங்கள் போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை."

"அறிஞ்சும் கேற்றில நிண்டனியோ?"

"ஓம் அண்ணை. சாத்தினது நான்."

அதற்குப் பிறகு அவர் என்னுடன் கதைக்கவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையல் முடிந்ததும் இறங்குதுறைக்குத் தனியே நடந்தேன். லோஞ்சின் கயிற்றை அவிழ்க்கும்போது கரையில் அவர் குரல்.

"பிள்ளை, போட்டு வா!"

இழவு வீட்டிலிருந்து போகிறவளுக்கு ஒருவரும் சொல்லாத சொல். நின்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போட்டு வாறன், அண்ணை."

இப்போது கேற்றில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சாத்திய கேற்றைத் திறக்காதீர்கள். அதனால் எது போனாலும் அந்த இழப்பில் உங்களோடு பங்குக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அதையும் தெரிந்துகொண்டு சாத்துங்கள்.