மூக்கில் இருக்க வேண்டிய ஈயம்

போன வாரம் அறுந்த செருப்பு வாரை ஒட்ட, நொடியில் பிடிக்கும் அந்தப் பசைக் குப்பியைத் திறந்தேன். கண்ணைக் கரிக்கும் நெடி எழுந்ததும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. பையில் பேனா மட்டும்தான் இருந்தது. இருந்தும் இன்னொரு முறை துழாவிப் பார்த்தேன். எல்லாம் ரஃபீக்கின் விமானத்தால் வந்தது.

ரஃபீக் பூந்தமல்லியில் தையல் மெஷின் பழுதுபார்ப்பவன். முகப்பேரில் எங்கள் வீட்டு மெஷினைச் சரிசெய்ய வந்து நண்பனானவன். நான் அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். எடை, அளவு, தேதி எழுதியே சம்பளம் வாங்கியவன். வீட்டிலும் அதே புத்திதான். சிலிண்டர் வந்த நாள், குழாய்க்கு வாஷர் மாற்றிய நாள் எல்லாம் நோட்டில் இருக்கும். நீங்கள் சிரிக்கலாம், ரஃபீக் சிரித்துவிட்டு எனக்குப் 'பஞ்சாங்கம்' என்று பேரே வைத்துவிட்டான்.

அவன் எட்டு மாதம் மெல்லிய மரத்தைச் சீவிச் சீவிக் கட்டிய ரிமோட் விமானம் அது. பழகுகிறவர்களுக்கானது, வயிற்றடியில் இரண்டு சக்கரம், மூக்கடியில் ஒன்று. ஞாயிறு காலைகளில் பாரிவாக்கம் பக்கம் வற்றிக் கிடந்த ஏரியில் பறக்கவிடுவோம். ஏரி மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். இறங்கும்போது மூக்குச் சக்கரம் வெடிப்பில் மாட்டி, முன்பலகையோடு பிய்ந்துகொண்டு வரும். நான்காவது முறை பிய்ந்தபோது, அதை எடுத்துவிட்டு வாலில் ஒரு குட்டிச் சக்கரம் வைக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். நாலு புத்தகம் படித்த தைரியம்.

"மூணு சக்கரமும் ஒயுங்காத்தான் கீது பஞ்சாங்கம். மண்ணுதான் சரியில்ல."

"மண்ண மாத்த முடியுமா?"

"செரி, புக்கு பட்ச்சவன் சொல்ற. ஒடஞ்சா நீதான், இப்பவே சொல்லிட்டேன்."

அந்த நிமிடத்திலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. உடைந்தால் அவனுடைய எட்டு மாதம், யோசனை என்னுடையது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் கடையில் வேலை முடிந்தது. எஃகுக் கம்பியை வளைத்து, இரண்டு சக்கரத்தையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினான். நான் வாலில் குட்டிச் சக்கரத்தைப் பசை போட்டு ஒட்டினேன். மூக்குச் சக்கரமும் அதன் கம்பியும் போனதால் முன்பக்கம் லேசாகிவிட்டது. இறக்கைகளின் அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினால் வால் தொங்கியது. மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு மூன்றை மூக்கில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் சமமாக நின்றது. ரஃபீக் தொழுகைக்குப் போனான்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எடையை எழுதவில்லையே! ஈயத்தை உரித்தெடுத்து, கையோடு கொண்டுபோயிருந்த சின்னத் தராசில் வைத்து, எடையையும் தேதியையும் எழுதினேன். அந்நேரம் பார்த்து வால் சக்கரம் சாய்ந்தது. பதறி, கையிலிருந்ததைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மறுபடி பசை விட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். பசை நெடியில் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தபோது ரஃபீக் திரும்பி வந்தான்.

"எல்லாம் நீ பாத்துட்ட இல்ல?"

"பாத்துட்டேன்."

"அப்ப போதும்."

மறுநாள் காலை அவசரத்தில் அதே சட்டை. பைக்கின் பின்னால் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, கம்பி வளையுமோ, சக்கரம் கழலுமோ என்று வழியெல்லாம் பயந்தேன். பயப்பட வேண்டியதைத் தவிர எல்லாவற்றுக்கும் பயந்தேன் என்று பிறகு தெரிந்தது.

வெடிப்புகள் மேல் விமானம் எங்கும் மாட்டாமல் ஓடியது. நேரம் குறிக்கப் பேனாவுக்காகச் சட்டைப் பைக்குள் கை விட்டேன். விரலில் மூன்று குண்டுகள் தட்டுப்பட்டன. நிமிர்ந்து பார்த்தால் சக்கரங்கள் தரையை விட்டிருந்தன.

"ரஃபீக்... ஈயம் எங்கிட்ட இருக்கு."

அவன் திரும்பவில்லை. "தெரிது. பேசாத."

சூத்திரக் கயிறு சரியாகக் கட்டாத காத்தாடி மாதிரி விமானம் மூக்கைத் தூக்கும், ஒரு கணம் நிற்கும், சரியும், மறுபடி தூக்கும். ரிமோட்டை அழுத்திய அவன் கட்டைவிரல்கள் வெளுத்திருந்தன. ஒரே ஒரு வட்டம். பிறகு வால் முதலில் மண்ணைத் தொட்டது. முன்சக்கரங்கள் தொப்பென்று விழுந்தன. அரை வட்டம் சுழன்று புழுதிக்குள் நின்றது. ஒன்றும் உடையவில்லை. நான்தான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரஃபீக் கையை நீட்டினான். குண்டுகளைக் கொடுத்தேன்.

"வெயிட்டு எய்திட்டியா?"

"எழுதிட்டேன்."

"நல்லது மாமே. ஏரோப்ளேனுக்குத் தெரியலன்னா இன்னா, நோட்டுக்குத் தெரிஞ்சா போதும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறுகளில் விமானம் பறந்தது. ஒருமுறைகூட வெடிப்பில் மாட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பறக்கவிடும் முன் ரஃபீக் எனக்கு முதுகைக் காட்டி நின்று, தன் இரண்டு விரலில் விமானத்தைத் தூக்கிப் பார்ப்பான். தூசி தட்டுகிறவன் போல.

இப்போது நாங்கள் பறக்கவிட்ட ஓரத்தைச் சுற்றிக் கம்பிவேலி. அதை ஒட்டி வீடுகள். ரஃபீக் கடையை முத்தாபுதுப்பேட்டைக்கு மாற்றிவிட்டான்; பேசிக்கொள்கிறோம். "நீ பாத்துட்ட இல்ல?" என்று மட்டும் அவன் பிறகு கேட்டதே இல்லை. கடைசியாகக் கேட்ட சனிக்கிழமையின் தேதி என் நோட்டில் இருக்கிறது, மூன்று ஈயக்குண்டுகளின் எடைக்கு நேரே.