வேப்பிலையும் இரண்டாவது ஊசியும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை என் மனைவி முப்பது வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். அவள் எனக்குத் திருப்பிக் கொடுப்பதை அவர்கள் கேட்டதில்லை.

குடலில் புற்று, அது ஈரலுக்கும் போயிருக்கிறது என்று சொன்ன நாளில்கூட எனக்குக் கோபம்தான் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது ஒத்து வந்தால்தான் கட்டியை அடக்கும் ஒரு ஊசி போட முடியுமாம். எனக்கு ஒத்து வந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். புற்று வந்தவன் முன்னால் மனிதர் இப்படிச் சிரிக்கிறாரே என்று அதற்கும் ஒரு கோபம்.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். செல்லின் மேல் ரிசெப்டர் என்று ஒன்று இருக்கிறது. 'வளரு, பெருகு' என்று வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் சோலி. கட்டி அந்தச் சேதியைக் கேட்டுக் கேட்டுத்தான் பெருகுகிறது. இந்த ஊசியில் இருப்பது ஆன்டிபாடி. அது போய் அந்த ரிசெப்டர் மேல் உட்கார்ந்துகொண்டால் சேதி உள்ளே போகாது. "தோல்லயும் அதே ரிசெப்டர் இருக்கு. அதனால மொகத்துல பரு மாதிரி வரும், பயப்படாதீங்க" என்றார். ஐம்பத்தாறு வயதில் பரு! நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மனைவி அந்த நேரம் மருந்துக் கடை வரிசையில் நின்றாள். அவளிடம் சொல்லவும் மறந்துபோனேன்.

கொடைக்கானலுக்கு மேலே, பூண்டு போடும் ஊர் எங்களுடையது. முதல் ஊசி முடிந்து மலையேறி வந்த பத்தாம் நாள் காலையில் முகம் கழுவப் போனால் கை வைக்க முடியவில்லை. நெற்றி, மூக்கு, கன்னம், நெஞ்செல்லாம் சிவந்து, முனையில் சீழ் கட்டி நின்றது. காபி கொண்டுவந்த மனைவி டம்ளரை அப்படியே தரையில் வைத்தாள்.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கீழத்தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. அரைமணி நேரத்தில் வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்பு நின்றது. அம்மை கண்ட வீட்டில் பூண்டு வாடை ஆகாது என்பாள். அடுப்புக்கு மேலே புகையில் தொங்குவதெல்லாம் பூண்டு. அத்தனை கொத்தையும் தனி ஆளாக இறக்கித் தோட்டத்துக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

அதோடு விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். "நாலு நாள்ல ரெண்டாவது ஊசி இருக்குடி" என்றேன்.

"ஆத்தா வந்திருக்கையில ஊசியா? மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது."

மூன்று முறை வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பிவைக்கப் பத்துப் பதினைந்து நாளாவது ஆகும். ஊசி நாள் அதற்குள் தாண்டிவிடும். அவளோ எங்களைக் கீழே கூட்டிப்போகும் ஜீப்புக்காரத் தம்பிக்கு வரவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லியும் இருந்தாள்.

"என்னைக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா?" என்று கத்தினேன்.

"உங்களை உசுரோட வச்சுக்கிறதுக்குத்தாங்க பயந்து சாகுறேன். ஆத்தாளையும் பகைச்சுக்கிட்டா நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பயம்தான். டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் இதை யார் பரு என்பார்கள்? பாதி மனது டாக்டர் பக்கம், பாதி மனது ஆத்தா பக்கம். இரண்டு நாள் வேப்பிலையின் மேல் படுத்துக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, மேலே ரோட்டு வளைவுக்குத்தான் போகவேண்டும். அவள் வாசலில் கையை விரித்து நின்றாள். நான் கொல்லை வழியாக நடந்தேன். திரும்பிப் பார்த்தால் கையில் வேப்பங்கொத்தோடு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே பின்னால் வருகிறாள். ஏற்றம் முழுக்க என் முதுகுக்கு வேப்பிலை வீசிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி சிஸ்டர் போனை எடுத்து, முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மனைவியே எடுத்தாள். மூன்றாவது படம்தான் தெளிவாக விழுந்தது. சற்று நேரத்தில் சிஸ்டர் திரும்பக் கூப்பிட்டார். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஐயா, காய்ச்சல் இருக்கா? வயிறு, காலெல்லாம் வந்திருக்கா?"

"இல்லம்மா. மொகம், நெஞ்சு, முதுகோட நிக்குது."

"டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். அம்மை இல்ல, மருந்தாலதான். மருந்து நல்லாப் பிடிச்சிருக்கு! இப்படிப் பரு நல்லா வர்றவங்களுக்குப் பெரும்பாலும் கட்டியிலயும் மருந்து நல்லா வேலை செய்யும். தேதி தள்ளிராம வந்துருங்க. எரிச்சலுக்கு மாத்திரை, களிம்பு தர்றோம்."

மனைவி போனைப் பிடுங்கினாள். "ஏம்மா, இது எறங்கிருச்சுன்னா?"

"எறங்கினா மருந்து வேலை செய்யலன்னு அர்த்தமில்லம்மா. ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும்."

இறக்கத்தில் அவள் வேப்பிலை வீசவில்லை. டாக்டர் அன்று விளக்கியதை நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்: "நம்ம தோட்டத்துக்கு வர்ற ஓடைக் குழாயை அடைச்சா களையும் காயும், பூண்டும் காயும்ல? அதான் இது."

"அப்ப, பூண்டு காயிறதை வச்சுத்தான் களை காயுதுன்னு நெனைச்சுக்கணும்" என்றாள்.

ஊசி நாளன்று ஜீப் வெள்ளனே வந்துவிட்டது. அவளே ஆள் அனுப்பி வரச் சொல்லியிருக்கிறாள். ஆனால் வாசல் வேப்பிலையை அவிழ்க்கவில்லை. வெயில் படாமல் இருக்க என் தலையைச் சுற்றித் துண்டைப் போட்டுவிட்டாள். ஊர் எல்லையில் மாரியம்மன் கோவிலுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

அம்மை கண்ட வீட்டார் அந்த வாசலில் என்ன வேண்டுவார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இறங்கு தாயே, குளிர்ந்து போ தாயே என்பார்கள். அவளே பிள்ளைகளுக்காக அப்படி வேண்டி நான் கேட்டிருக்கிறேன். தம்பி இன்ஜினை அணைத்திருந்தான், அதனால் அவள் குரல் ஜீப்புக்குள் கேட்டது.

"எறங்கிராத தாயே. உள்ள கெடக்குறது கரையிற வரைக்கும் அவுக மொகத்துலயே இரு. எரிச்சலை நான் பாத்துக்கிறேன்."

துண்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

"என்ன தம்பி, இன்னும் நிப்பாட்டி வச்சுக்கிட்டு? வெரசா எடுங்க, ஊசிக்கு நேரமாகுது."