கைதட்டல் வாங்கிய பொய்

அந்தப் பேருந்து நிலையத்துக்கு வந்து போகிற யாருக்கும் அவளுடைய குரல் பழக்கம். மலைப்பாதை வண்டி தாமதம் என்றாலும் சரி, தொலைந்துபோன குழந்தை நேரக்காப்பாளர் அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்றாலும் சரி, ஒலிபெருக்கியில் அவள்தான் வருவாள். லேசாகக் கரகரத்த குரல். அதட்டாமலேயே ஆளை நின்று கேட்க வைக்கும். குரலை வைத்து ஆளைக் கற்பனை செய்தவர்கள் எல்லாம் நெடுநெடுவென்று உயரமான ஒரு பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அறிவிப்பு அறையின் கண்ணாடியில் பாதி உயரத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டச் சொன்னதே அவள்தான். வெயில் அடிக்கிறதாம். அந்தப் பக்கம் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் போய்விட்டன. இப்போது ஐம்பதை நெருங்குகிறாள்; சக்கர நாற்காலிதான். நடத்துநர்கள் 'மைக் அக்கா' என்பார்கள். 'அக்கா குரல்ல என்ன ஒரு கம்பீரம்!' என்று மெச்சுவார்கள். கம்பீரமாவது ஒன்றாவது, அது தாகம். நிலையத்துக் கழிப்பறைக்கு மூன்று படி. கதவோ நாற்காலியைவிட ஒடுக்கம். அதனால் வேலைக்குக் கிளம்பினால் திரும்பி வரும்வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. இது அவளுக்குத் தெரியும், புயலுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

புயல் என்பது அவளுக்குத் துணைக்கு வருகிற பெண். கதவைத் திறந்தாலும் பாத்திரத்தை வைத்தாலும் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் மைக் அக்கா வைத்த பெயர். விடிந்ததும் வருவாள். அக்காவைப் படுக்கையிலிருந்து தூக்கி, கழிப்பறைக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, நிலையம்வரை தள்ளிக்கொண்டு போவாள். மாலையில் இதே கதை தலைகீழாக நடக்கும். வாய் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. "அக்கா, நீங்க மைக்ல பேசுறதுக்குச் சம்பளம் வாங்குறீங்க. நான் பேசுறதுக்கு யாரு குடுக்குறா?" என்பாள். அவளுக்குச் சம்பளம் அரசாங்கம் அக்காவுக்குத் தருகிற துணையாளர் உதவித்தொகையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த உதவித்தொகையில்தான் கை வைக்கப் பார்த்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும், தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடிகிறவர்களுக்கும் இனி கிடையாது என்று ஒரு யோசனை. முடிவெடுப்பதற்கு முன்னால் நகர மன்றக் கூடத்தில் இரண்டு நாள் கருத்துக் கேட்புக் கூட்டம். மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் செயலாளர் ஊன்றுகோல்களோடு மைக் அக்காவின் வீட்டுக்கு வந்தார். அவள் அந்தச் சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கூட்டமாகப் போய் உட்கார்ந்தால் தானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிடுவோமே என்ற கூச்சம். கூச்சம் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். அசல் பெயர் திமிர்.

"நாங்க கத்துனா யாரும் கேக்க மாட்டாங்கம்மா. உங்க குரல் எல்லாருக்கும் தெரியும். துணைக்கு ஆள் இல்லேன்னா உங்களால வேலைக்கே போக முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்" என்றார் அவர்.

புயல் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சொல்லுவாங்க சார். நான் கூட்டிட்டு வரேன்."

முதல் நாள் கூடம் நிரம்பி வழிந்தது. பின்வரிசைகளில் சங்கத்துக்காரர்கள். நடுவில் அக்கம்பக்கத்துக்காரர்கள், அவளுடைய வீட்டுக்காரம்மா உட்பட. முன்வரிசையில் பணிமனை மேலாளரும் நாலைந்து நடத்துநர்களும். மைக் அக்கா பேசுகிறாள் என்று ஆசையாக வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததுமே அவளுக்கு உள்ளே ஏதோ சுருங்கிக்கொண்டது. மேடையில் இருந்த, கருத்துக் கேட்க வந்த குழுவின் தலைவர் நல்ல மனிதர்தான்; நல்ல மனிதர்களிடம்தான் இந்த மாதிரி நேரங்களில் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

"தினமும் கேக்குற குரல்! உங்களைப் பாக்குறதுல ரொம்ப சந்தோஷம்மா" என்றார். "வேலைக்கு ஒழுங்காப் போறீங்க. வீட்டுல உங்க காரியமெல்லாம் எப்படி? குளிக்கிறது, பாத்ரூம் போறது, இதெல்லாம்?"

முன்வரிசையில் மேலாளர் தலையைச் சற்று முன்னால் நீட்டினார். நாற்காலிக்குப் பின்னால் புயலின் வளையல் சத்தம் கேட்டது.

"எல்லாத்தையும் நானே பாத்துக்குவேன் சார்" என்றாள் மைக் அக்கா. வாய் கூசாமல் வந்தது. போதாதென்று, "மனசு இருந்தா முடியாதது என்ன இருக்கு?" என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

கூடம் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டல். தலைவரே எழுந்து நின்று தட்டினார். "பாருங்க, சொந்தக் கால்ல நிக்கிற பெண்மணி! மத்தவங்களும் இவங்களை மாதிரி இருந்துட்டா இந்த உதவித்தொகையே தேவைப்படாதே!" என்றார். பின்வரிசைகளில் ஒரு கைகூட அசையவில்லை. செயலாளர் தன் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புயல் பேசவில்லை. அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அன்றைக்கு மட்டும்தான். வேண்டிய வேலையெல்லாம் செய்தாள், படுக்கவைத்தாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். மைக் அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருந்தது?

மறுநாள் விடிந்தது. புயல் வரவில்லை.

போன் செய்தாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. வயிறு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டிலேயே வீட்டுக்காரம்மா இருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவாள். ஊருக்கே கேட்கிற குரல் தொண்டையைவிட்டு வெளியே வர மறுத்தது. என்னவென்று கூப்பிடுவது? நேற்று கூடத்தில் அந்த அம்மாளும்தானே உட்கார்ந்து கை தட்டினாள்? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், கிடந்தாள், பிறகு முடியவில்லை. ஈரம் முதுகுவரை ஏறியது. முதலில் சூடாக இருந்தது, பிறகு குளிர்ந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள், அறையில் யாருமே இல்லாதபோதும்.

வெயில் நன்றாக ஏறியபின் கதவு தடாலென்று திறந்தது.

"எங்கடி போன?" என்றாள் மைக் அக்கா, கூரையைப் பார்த்தபடி.

"ஒரு வீட்டுல ஆள் தேடுறாங்கன்னு சொன்னாங்க. போய்ப் பேசிட்டு வரேன்." புயல் வாசலிலேயே நின்றாள். "நேத்து அத்தனை பேர் முன்னாடி ஆள் வேணாம்னு சொல்லிட்டீங்க. உதவித்தொகை நின்னுபோனா உங்க சம்பளத்துல வாடகை குடுப்பீங்களா, எனக்குக் குடுப்பீங்களா? எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா. பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தேனே, நான் ஒருத்தி இருக்கிறதாவே உங்களுக்குத் தோணலையா?"

பேசிக்கொண்டே உள்ளே வந்தவள் படுக்கையருகில் நின்றுவிட்டாள். வாசனை சொல்லிவிட்டது.

"அய்யோ, அக்கா... அடுத்த வீட்டுல கூப்பிட்டிருக்கலாமே!"

"எப்படிடி கூப்பிடுவேன்?"

புயல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளைத் தூக்கினாள். விரிப்பை உருவினாள், தண்ணீர் ஊற்றினாள், துடைத்தாள். ஒரு பாத்திரத்தைக்கூட நங்கென்று வைக்கவில்லை. அந்த அமைதிதான் மைக் அக்காவைக் கொன்றது. திட்டியிருந்தால் தேவலை.

"அந்த வீட்டுல என்ன சொன்னாங்க?"

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து வரச் சொன்னாங்க. சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல."

"கூட்டம் இன்னைக்கும் இருக்குல்ல? வண்டியத் தள்ளு."

"போய்?"

"தள்ளுடி, சொல்றேன்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிகிற நேரம். மேலாளர் அன்றும் இருந்தார்; ஒரு நடத்துநர் சைகையால் வணக்கம் சொன்னார். செயலாளர் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவருக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. "வாங்கம்மா, நேத்து எங்களுக்கெல்லாம் தெம்பு குடுத்துட்டுப் போனீங்க!"

"நேத்து நான் சொன்னது பொய் சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். "என்னால கட்டிலைவிட்டு எறங்க முடியாது. இந்தப் பொண்ணுதான் தூக்குது, கழுவுது, குளிப்பாட்டுது. இது வந்தாத்தான் நான் வேலைக்கு வர முடியும். இன்னைக்குக் காலையில இது வரல. படுக்கையிலேயே மூத்திரம் போயிட்டேன். அதுலயே கெடந்தேன்."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். மேலாளர் தன் செருப்பைக் கவனமாகப் பார்த்தார். மைக் அக்காவுக்குக் காது, கழுத்து எல்லாம் எரிந்தது. தரை பிளந்து நாற்காலியோடு உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று பட்டது. தரை அப்படியெல்லாம் யாருக்கும் பிளப்பதில்லை.

தலைவர் பின்வரிசைகளை ஒரு பார்வை பார்த்தார். "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. யாராவது சொல்லிக் குடுத்தாங்களாம்மா?"

"நேத்து சொன்னதுக்குக் கை தட்டுனீங்க, அப்ப யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்கல" என்றாள். குரல் உடைந்தது, விடவில்லை. "இப்படி ஒரு பொய்ய எந்தப் பொம்பளையாவது தன்னப் பத்தி நாலு பேர் முன்னாடி சொல்லுவாளா சார்?"

யாரும் தட்டவில்லை.

மேடையோரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் சின்ன வயதுக்காரர். பாவம், அவருக்கும் முகம் சிவந்திருந்தது. பூசி மெழுகி அவளைக் காப்பாற்றப் பார்த்தார். "காலைல சில சிரமங்கள் ஏற்பட்டன, அப்படின்னு போட்டுக்கட்டுமாம்மா?"

"வேணாம் தம்பி. சொன்னத சொன்னபடி எழுதுங்க."

அவர் பேனாவைப் பிடித்தபடி தயங்கினார். "காலைல நடந்ததா சொன்னது... சரியா விழலைம்மா."

விழாமல் எங்கே போகும்? எழுதத்தான் அவருக்குக் கை வரவில்லை.

பேருந்து நிலையத்தில் எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்வதுதான் வழக்கம். முதல் தடவை காதில் விழாதவர்களுக்காக. மைக் அக்கா ஒலிவாங்கியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தாள். பின்வரிசைவரை, வெளி வாசலில் நின்றவர்கள்வரை கேட்கும்படி, நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் அதை இரண்டாம் தடவை சொன்னாள்.