அவளுக்குக் கொடுத்த தட்டு

2005-இல் ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட வேலை பார்த்தேன். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை எனக்குக் கொடுத்தார்; ஒன்றுக்குத் தடித்த விளிம்பு, மற்றதற்குக் கூரான விளிம்பு. தூரத்துக் கூடைக்குள் வீசி ஆடுகிற தட்டுகள். புதிதாக ஆடுபவர்களுக்குத் தடித்த விளிம்புள்ளதே சரி, கூரான விளிம்பு பழகிய கைக்கு என்று சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் ஒரு கூடையை வைத்து, அந்த உப்பளத்தில் வேலை பார்க்கும் என் மனைவியோடு வீசிப் பார்த்தேன். கூரானதை நான் வைத்துக்கொண்டேன். "பொம்பளைக்கு இது போதும்" என்று மற்றதை அவளிடம் நீட்டினேன்.

என் தட்டு ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அவளுடையது நேராகப் போய்க் கூடையில் மோதியது. காற்றுதான் காரணம் என்றேன்.

"காத்து இல்லீங்க. நீங்க கையால மட்டும் வீசுறீங்க. பலகையால உப்பு வார்றப்ப நாங்க அப்படி இழுத்தா மத்தியானத்துக்குள்ள தோள்பட்டை போயிடும். இடுப்பத் திருப்பி இழுக்கணும்."

"உனக்கென்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

அவள் போனபின் அந்தத் தட்டை எடுத்து, அவள் சொன்னபடியே வீசினேன். நேராகப் போனது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பத்து வருடமாக, லீவு கிடைத்த நாளெல்லாம் உப்பளத்துக்கு அவளுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன். அவள் பலகையால் உப்பு இழுப்பதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனேன்.

"சோறு கொண்டாரலீங்களா?" என்றாள்.

"இல்ல, சும்மா பாக்க வந்தேன்."

"எத?"

அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்: உன்னைத்தான்.