வேலி தாண்டி நட்ட கல்

பாகலூர்ப் பக்கம் எங்கள் நிலத்தை எனக்கும் தங்கைக்கும் பிரித்தபோது, எரிவாயுக் குழாய் போகிற ஓரம் என் பாகத்தில் விழுந்தது. நிலம் நம் பேரில்தான் இருக்கும். கேழ்வரகு போடலாம், கொத்தமல்லி போடலாம். வீடு, கிணறு, மரம் மட்டும் கூடாது. குழாய் மண்ணுக்குள் கிடந்தது. வெளியே தெரிந்தது ஒரு மஞ்சள் அடையாளக் கல்தான்.

எங்கள் ஊரில் எல்லைத் தகராறு என்றால் கல்தான் சாட்சி. கல் நகர்ந்தால் நிலமே நகர்ந்த மாதிரி. அந்தக் கோணல் புத்தி எனக்கும் இருந்தது. கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக அறைகள் கட்ட ஆசைப்பட்டேன். தங்கை தளி ஊரில் இருந்த சமயம், ஒரு மத்தியானம் கல்லைப் பிடுங்கி, வேலிக்கு அந்தப்புறம் அவள் பாகத்தில் நட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

அடுத்த வருடம் அவள் வீடு கட்டினாள். கல்லுக்கு மரியாதை கொடுத்து அந்த ஓரத்தை அப்படியே விட்டாள். சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியாது. எனக்குக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டபடி, "கல்லு இருக்குதேண்ணா, அதான் சின்னதா போச்சு" என்றாள். நான் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எத்தனை தடித்த தோல் எனக்கு!

பிறகு என் பக்கம் அஸ்திவாரம் தோண்ட பொக்லைன் வந்தது. முதல் வாரி மண்ணை அள்ளுவதற்குள், குழாய்வழி நடந்து பார்க்க வந்த புது ஆள், "நில்லி, நில்லி!" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே ஓடிவந்தார். "கீழ கேஸ் பைப் போகுது சார்! ஊரையே கொளுத்தப் பாக்குறீங்களா?"

சத்தம் கேட்டு வந்த தங்கை எனக்காகச் சண்டைக்கு நின்றாள். "எங்கண்ணன் மேல ஏன் பாயறீங்க? கல்லு என் பக்கந்தான இருக்குது, கண்ணு தெரியலயா?"

அவர் கையிலிருந்த கருவியைத் தரையில் ஓட்டினார். என் காலடியில் அது கூவியது. வேலி தாண்டி, கல்லருகே கொண்டுபோனார். சத்தமே இல்லை.

"கல்லை நாந்தான் மாத்தி நட்டேன்" என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரிடம்தான் கேட்டாள்.

"அப்போ சமையல்கட்ட இன்னும் அகலமா கட்டியிருக்கலாமாங்க?"

"தாராளமா கட்டியிருக்கலாம்மா. உங்க பக்கம் பைப்பே இல்ல."

அந்தச் சமையலறையில் அதற்கப்புறம் நான் சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.