மலைக்குப் போக வேண்டிய மடிக்கணினி

போன மாதம் மழையில், கரியாலூர் மலைப்பாதையின் வளைவு ஒன்றில் என் மகளின் ஸ்கூட்டர் சறுக்கியது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. தோளில் மாட்டியிருந்த மடிக்கணினி இரண்டாகப் பிளந்துவிட்டது. சிராய்ப்பு சீக்கிரம் ஆறியது. எனக்குத்தான் ஆறவில்லை. இப்போதும் போன் அடித்தால், எடுப்பதற்கு முன் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

அன்றிலிருந்து கண்ணில் படுவதற்கெல்லாம் மஞ்சள் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்மெட்டுக்கு, ஸ்கூட்டருக்கு, அவள் சாப்பாட்டு டப்பாவுக்கு, கடைசியில் ஃப்ரிட்ஜுக்கும்.

"ஃப்ரிட்ஜ் எங்கயும் போவலியே, அதுக்கு இன்னாத்துக்கு?" என்றார் என் கணவர்.

"இருக்கட்டும், வுடுங்க," என்றேன்.

மகள் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வார இறுதியில் கள்ளக்குறிச்சிக்கு வருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு எடுத்துப் போவதாகத் திட்டம். அதிலிருந்த விண்டோஸ், ஒரு கோப்பைத் திறப்பதற்குள் மூச்சு வாங்கியது. பென் டிரைவிலிருந்து கிளம்பத் தெரியாத அளவுக்கு மடிக்கணினி பழசு என்பதால், அவள் தோழி லினக்ஸை டிவிடியில் எழுதிக் கொடுத்திருந்தாள். மறுநாள் காலை பள்ளியில் வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுத்தாக வேண்டும்.

"நாலு மணி பஸ்ஸுக்குள்ள முடியலன்னா, முடிச்சிட்டு ஸ்கூட்டர்லயே போய்க்கறேன்," என்றாள்.

ஆக, டிவிடி ஓடினால் பஸ். ஓடாவிட்டால் இருட்டில் அதே வளைவு. நான் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

டிவிடி உள்ளே போய்க் கொர்ரென்று சுற்றியது. பட்டியல் வந்தது, அழகான படம் ஒன்று வந்தது, அதற்குக் கீழே சின்ன வட்டம் சுழன்றது. பிறகு வட்டம் நின்றது. படம் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சி," என்றேன்.

"தெரியுதுமா."

"ஏதாச்சும் அமுக்கிப் பாரேன்."

"நீ மொதல்ல மூச்சு வுடு."

திரைக்கும் லினக்ஸுக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்று, தொடக்க வரியில் ஏதோ ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி கிளப்பினாள். அதே இடத்தில் நின்றது. அடிப்பக்க மூடியைக் கழற்றி, ரேம் என்கிற நினைவகத் துண்டை எடுத்து, அதன் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டினாள். அப்போதும் அதே இடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"மணி கேட்டா தண்ணி எடுத்துக்கினு வர அனுப்பிடுவேன்."

"நான் கேக்கவே இல்லியே."

"மொகம் கேக்குது."

கடைசியில் அந்த அழகான படத்தை எடுத்துவிட்டு, பின்னால் நடப்பதைக் காட்டும்படி வைத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடின. பிறகு ஒரே வரி திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. அவள் கிட்டே குனிந்து படித்தாள்.

"டிவிடிய படிக்க முடியலன்னு சொல்லுது. ஒவ்வொரு வாட்டியும் அதே எடம்."

தட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா. இது இன்னா?"

பளபளவென்ற பக்கத்தில், மையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மஞ்சள் வட்டம். அதன் நடுவில் சிவப்பு. காலையில் மேசையில் கிடந்தபோது வைத்தது.

"இந்தப் பக்கந்தான் பளிச்சுனு இருந்துச்சி. இதான் மொகம்னு நெனச்சேன்."

"இதான்மா அதுக்கு எழுத்து இருக்கற எடம். அதுமேல குங்குமத்த அப்பி வச்சிட்டு, என்னை ரேமைக் கழட்ட வச்சிருக்க."

உள்ளறையிலிருந்து என் கணவரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "வுடு பாப்பா. ஃப்ரிட்ஜ்ல பாலு இன்னும் கெடாம இருக்குதே, அத நெனச்சி சந்தோசப்படு."

என் மூக்குக்கண்ணாடித் துணியை ஈரம் செய்து கொடுத்தேன். வட்டமாகத் தேய்க்கக் கூடாதாம். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டுமாம். குங்குமம் உடனே போனது. மஞ்சள் லேசில் விடவில்லை. மறுபடி போட்டாள். வட்டம் சுழன்றது, பழைய இடத்துக்கு வந்ததும் தயங்கியது. நான் அவள் தோளைப் பிடித்தேன். தயங்கிவிட்டு, மேலே போனது.

லினக்ஸ் முழுவதும் ஏறி முடிந்தபோது பஸ்ஸுக்கு நேரம் சரியாக இருந்தது. பையில் வைப்பதற்கு முன் மடிக்கணினியை மூடி, என் முன்னால் நீட்டினாள். "ம், வை. மூடி மேல மட்டும்." சின்னதாக ஒன்று வைத்தேன்.

பேருந்து நிலையத்தில் அவள் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் வண்டியின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் காதருகே குனிந்தார். "பஸ்ஸுக்கு வைக்கலியா?"

ஓட்டுநரே வைத்திருந்தார். சந்தனமும் குங்குமமுமாக மூன்று பொட்டுகள், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில், அவருக்குப் பாதையை மறைக்காத இடத்தில்.